சிறிய கடல்நீர் தொட்டி: உப்பு அளவு ஏறிக்கொண்டே போகிறது, மீன் விடலாமா?

கேள்வி
வணக்கம். செலவைக் கட்டுப்படுத்தி முதல்முறையாகக் கடல்நீர் தொட்டி வைத்திருக்கிறேன். 60 லிட்டர் தண்ணீர், மணல், காய்ந்த பாறை, ஹீட்டர், ஒரு பவர்ஹெட் (தண்ணீரைச் சுழலவிடும் பம்பு). ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) இல்லை. கழிவை முறிக்கும் பாக்டீரியா வளரட்டும் என்று அவ்வப்போது கொஞ்சம் மீன் தீவனம் போடுகிறேன். தண்ணீர் மட்டம் இறங்கினால் உப்பு கரைத்த தண்ணீரால் நிரப்புகிறேன். உப்பைக் காட்டும் தண்ணீரின் ஒப்படர்த்தி ஆரம்பத்தில் 1.025 இருந்தது, இப்போது அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.030 காட்டுகிறது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மட்டும் இறங்கவில்லை. மணல் மேல் பழுப்பாகப் படிகிறது. இரண்டு கிளவுன் மீன் விடலாமா? ஸ்கிம்மர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில் 1
இப்போது மீன் வேண்டாம். முதலில் உப்பைச் சரிசெய்யுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அப்படிப் பார்த்தால் உங்கள் தொட்டியில் 2,100 கிராம் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரால் 8 லிட்டர் நிரப்பியிருந்தாலே 280 கிராம் கூடிவிடும், அளவு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 40 கிராமுக்குப் போய்விடும். ஆவியான இடத்தை எப்போதும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். தொட்டிக் கண்ணாடியில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்து, தினமும் அதுவரை ஊற்றினால் போதும்.

ஹைட்ரோமீட்டரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டினால் அளவைக் கூட்டிக் காட்டும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கையில் காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது ரிஃப்ராக்டோமீட்டர்தான் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி).

பதில் 2
இவ்வளவு சிறிய தொட்டிக்கு ஸ்கிம்மர் அவசியமே இல்லை. வாரம் 6 லிட்டர் தண்ணீர் மாற்றினாலே தாராளம். அதற்கு மட்டும் உப்புத் தண்ணீர், முந்தைய நாளே கரைத்து, பம்பு போட்டு ஓடவிட்டு, தொட்டியில் இருக்க வேண்டிய அதே உப்பு அளவுக்கு. மிச்சம் பிடிக்கிறேன் என்று சமையல் உப்புக்கு மட்டும் போய்விடாதீர்கள், அதில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கிடைக்காது.

பழுப்புப் படிவு டயாட்டம் என்ற நுண்பாசியாக இருக்கும். புதுத் தொட்டிகளில் சகஜம், சிலிகேட் தீர்ந்தால் தானே அடங்கும். ஆனால் உங்கள் ஆர்ஓ இயந்திரம் சுவைக்காகச் சாதாரணத் தண்ணீரையும் கலந்துவிடும் வகையா என்று பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால்தான் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு உதவும்.

கேட்டவர்
ரொம்ப நன்றி. அப்படியானால் உப்பை எப்படி இறக்குவது? எப்போது மீன்?

பதில் 1
மீன் இல்லாததால் கவலையில்லை. சுமார் 7 லிட்டர் எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்ஓ தண்ணீரை இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். மறுநாள் அளந்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம்.

மீனுக்கு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, பாக்டீரியா அவற்றை மாற்றிவிட்டதற்கு அடையாளமாக நைட்ரேட் தெரிய வேண்டும். அப்புறம் கொஞ்சம் தீவனம் போட்டுச் சில நாள் பாருங்கள். இரண்டும் ஏறாமல் நின்றால் தொட்டி தயார். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும், காய்ந்த பாறை என்றால் இன்னும் கூட இழுக்கும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கிளவுன் மீனாகக் கேட்டு வாங்குங்கள், தீவனத்துக்கு உடனே வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டாம்சல் மீனை முதலில் விடாதீர்கள், அடுத்து வருவதையெல்லாம் விரட்டிக் கடிக்கும்.