பெல்விக் ஃப்ளோர்: இடுப்புத்தளமா, அடித்தாங்கு தசையா?

அண்ணாச்சி, வணக்கம்.

பெல்விக் ஃப்ளோர் என்பது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள். அவை தளர்ந்து வரும் கோளாறுக்கு நீங்கள் முன்வைத்த "இடுப்புத்தளக் கோளாறு" அகராதிக்குப் பொருந்தும். நோயாளிகளிடம் கொடுக்கும் வினாத்தாளில் அதைப் போட நான் உடன்படவில்லை. குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைக்கும் அக்காமாரிடம் "இடுப்பில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுப் பாருங்கள். கை முதுகுக்குத்தான் போகும், எலும்பு டாக்டரைப் பார்த்ததைச் சொல்வார்கள். கருப்பை கீழே இறங்குவதை ஊர்ச்சொல்லில் "அடி இறங்கியிருக்கா?" என்று கேட்டால் குரல் தாழும். "பிள்ள பெத்த நாள் தொட்டே உண்டு, குந்தி இருந்தா என்னமோ கையில தட்டும்" என்பார்கள்.

சிகிச்சைத் தரத்தை அளக்கும்போது இந்த வேறுபாடு பெரிது. 1966இல் மருத்துவத் தர ஆய்வாளர் டொனபீடியன் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்தார். செயல்முறையைக் கோப்பிலேயே பார்த்துவிடலாம். அறுவைக்கு முன், இறங்கியதைத் தாங்க யோனிக்குள் வைக்கும் பெசரி வளையம் பற்றிச் சொன்னார்களா, இறங்கிய கருப்பையை எடுத்தபோது யோனியின் மேல்முனையைத் தூக்கிக் கட்டினார்களா, சிறுநீர்ப்பையில் காயம் பட்டதா என்று குழாய் வழியே உள்ளே பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். விளைவில் பாதியைத்தான் டாக்டர் அளக்க முடியும். இறக்கத்தை அளக்கும் பி.ஓ.பி.-க்யூ முறையில் கன்னிச்சவ்வு மட்டத்திலிருந்து சென்டிமீட்டரில் அளந்து 0 முதல் 4 வரை நிலை குறிக்கலாம். இருமினால் சேலை நனைகிறதா, குடம் தூக்க முடிகிறதா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். கேள்வி புரியாமல் விழும் ஒவ்வொரு "இல்லை"யும் குணமானவர் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே என் பரிந்துரை, அடித்தாங்கு தசை. அடியிறக்கம் என்ற சொல் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. தாங்கும் தசை தளர்ந்ததால் இறங்கியது என்று காரணத்தையும் சேர்த்து விளக்கிவிடலாம். பயிற்சிக்கும் இது பொருந்தும். இருமல், தும்மலில் சிறுநீர் கசிவோருக்கு மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம் இந்தத் தசைக்குப் பயிற்சி தருவதையே பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019 வழிகாட்டியில் முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. சீட்டில் "இடுப்புப் பயிற்சி" என்று எழுதினால் வீட்டில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார்கள், சுருங்க வேண்டிய தசை சுருங்காது.

பெல்விக் ஃப்ளோருக்கான இன்னொரு சொல்லான கூபகத்தளம் உடற்கூறு நூல்களில் இருக்கட்டும். குவாலிட்டி இண்டிகேட்டருக்குத் தரச்சுட்டி என்ற சொல்லை அப்படியே ஏற்கிறேன்.

இன்னொன்று பாக்கி. மலத்தை அடக்க முடியாமையும் இந்தக் கோளாறுகளில் சேர்ந்ததே. கேட்காமல் யாரும் அதைச் சொல்வதில்லை. "மலக்கசிவு" என்று கேட்டால் புரியுமா? மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் வேறு சொல் புழங்கினால் அங்குள்ளவர்கள் எழுதுங்கள்.