புதுப்பிப்பு: கார்டு கடன் முடிந்தது, அடுத்தது பர்சனல் லோன்

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், நகைக் கடன் மூன்றில் எதை முதலில் அடைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். கார்டைத்தான் என்று சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, அது முழுசாக முடிந்துவிட்டது. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42, அதிலும் பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், மினிமம் தொகை மட்டும் கட்டினால் அசல் குறைவதே தெரியாது.

சம்பளம் வந்ததும் கடனுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியில்தான் குடும்பம். காய் கடலூர் உழவர் சந்தையில், மீன் முதுநகர் துறைமுகத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், அப்போது கருவாடும் முட்டையும்தான், வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை, அதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

நகைக்கு வட்டி குறைவு, அது கடைசியில். அப்புறம், பர்சனல் லோனை முன்கூட்டியே முடித்தால் தனிக் கட்டணம் உண்டு என்கிறார்கள், அப்படிக் கட்டி முடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு லாபமாக இருந்ததா?