குவாரி மூடின இடம் இப்ப எப்படி இருக்கு? உங்க ஊர் அனுபவத்தைச் சொல்லுங்க

கண்மாய்க்கரை (காரைக்குடி பக்கம்):
எங்க ஊர்ல கிராவல் குவாரி குத்தகை முடிஞ்சதும் டிப்பர் வரத்து நின்னுச்சு, பள்ளம் மட்டும் எங்களுக்கு. மழைக்காலத்துல ஆளுயரத் தண்ணி. கரை செங்குத்து, வேலி கிடையாது. மேயப்போன ஆடு விழுந்து, ஏற முடியாம செத்திருக்கு. ஊர்க்கூட்டத்துல தைல மரம் வச்சிரலாம்னு பேச்சு வந்தப்ப எந்திரிச்சு வேண்டாம்னு சொன்னேன். அதுல ஆடும் வாய் வைக்காது, குருவியும் பெருசா அண்டாது. நம்ம வட்டாரத்துல ஏற்கெனவே போதும் போதும்ங்கிற அளவு நிக்குது.

குவாரிக்காரங்க தோண்டும்போது வழிச்சுப்போட்ட மேல்மண் ஒரு ஓரத்துல மேடா கிடந்துச்சு. பஞ்சாயத்துல பேசி, ஜேசிபி வச்சு மேல்கரையைச் சரிச்சு, அந்த மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினோம். ஐப்பசி மழை விழுந்ததும், ஒரு விதைகூடப் போடாமலே கொழிஞ்சி, ஆவாரை, துத்தின்னு கிளம்பிருச்சு. மண்ணு பத்தாம விட்ட கீழ்க்கரை இன்னைக்கும் வெறும் சரளை, சீமைக்கருவை மட்டும்தான். ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். விதையும் உயிரும் மேல்மண்ணுக்குள்ளதான் இருக்கு. தோண்ட ஆரம்பிக்கிற அன்னைக்கே அதைத் தனியா எடுத்து வைக்கணும், உயரமாக் குவிக்காம, வருஷக்கணக்குல கிடப்புல போடாம.

வீரைமரம் (திருமயம்):
அண்ணே, அந்தக் கொழிஞ்சியைப் பிடுங்கிராதீங்க. காத்துல இருக்கிற தழைச்சத்தை அது மண்ணுல சேர்க்கும். ரெண்டு மழைக்காலம் விட்டுட்டு, அதுக்கு ஊடால நம்ம கோயில் காட்டு மரங்களை வைங்க: வீரை, காசான், உசிலை, உலக்கைப்பாலை. மெதுவாத்தான் வளரும். ஆனா பழம் வந்துட்டா, மிச்ச விதைப்பைக் கொண்டைக்குருவி பாத்துக்கும். விதை எடுக்க அய்யனார் காட்டுக்குள்ள போறதா இருந்தா ஊர்ல கேட்டுட்டுப் போங்க. சில காட்டுல சுள்ளிகூட ஒடிக்க விடமாட்டாங்க, அந்தக் கட்டுப்பாட்டாலதான் அந்த மரங்களே இன்னும் மிஞ்சியிருக்கு.

இன்னொண்ணு, கரை முழுசையும் சரிச்சிராதீங்க. எங்க பள்ளத்துல ஆள் போகாத பக்கம் மேல வேலி போட்டுட்டு, மண் சுவரை அப்படியே விட்டு வச்சோம். மாசி, பங்குனியில பஞ்சுருட்டான் குருவி அதுல பொந்து குடைஞ்சு முட்டை வைக்குது. அலகால கொத்தி, காலால மண்ணைப் பின்னாடி தள்ளிக்கிட்டே உள்ள போறதைப் பாக்கணும், அவ்வளவு அழகு!

சிவகங்கைச் சீமை:
சட்ட விஷயத்தை நான் சொல்லிர்றேன். கிராஃபைட் மாதிரி பெருங்கனிமம்னா, 2017 கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிப்படி இறுதி மூடல் திட்டத்தை, அதாவது சுரங்கத்தை எப்படி மூடி நிலத்தைச் சீராக்குறதுங்கிற திட்டத்தை, மூடறதுக்கு 2 வருஷம் முன்னாடியே கொடுக்கணும், அதைச் செய்வோம்னு நிதி உத்தரவாதமும் கொடுக்கணும். கிராவல், கல்லெல்லாம் சிறுகனிமம், மாநில விதியில வரும். 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம், சுரங்க வேலை முடிஞ்ச நிலத்துல மறுபடி புல் வளர்க்கணும்னு குத்தகை நிபந்தனையிலயே சேர்க்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டுச்சு.

உங்க ஊர்ல நடப்புல இருக்கிற குவாரின்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல சுரங்கத் திட்ட நகலும் சுற்றுச்சூழல் அனுமதி நகலும் கேட்டு வாங்குங்க. மேல்மண்ணை எங்க வைக்கிறது, எவ்வளவு மரம் நடுறது, வேலி எப்படின்னு அதுல எழுதியிருக்கும். அதைக் கையில வச்சுக்கிட்டு, மெஷின் ஊரை விட்டுப் போறதுக்குள்ள கிராம சபையில கேளுங்க.