ஸ்ரீசிட்டி இன்டர்வியூ: "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்லலாம்?

ஆரம்பாக்கம்_மெக்:
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். ஸ்ரீசிட்டில (ஆந்திராவுல தடா பக்கம் இருக்கிற தொழிற்பேட்டை) ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணுல குவாலிட்டி டிரெய்னி வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. அஞ்சு வருஷத் திட்டம், மேல்படிப்பு ரெண்டையும் கண்டிப்பா கேட்பாங்களாம். பி.இ. படிக்க ஆசை இருக்கு, டிஎன்பிஎஸ்சியும் மனசுல இருக்கு. எவ்வளவு சொல்லலாம்? தெலுங்கு புரியும், பேச வராது.

குவாலிட்டி_பெஞ்ச்:
தம்பி, டிரெய்னிங் குடுத்த பிறகு நிப்பீங்களா, இந்த வேலையோட அடுத்த படி தெரியுமா, இது ரெண்டுதான் அவங்களுக்கு வேணும். "மேனேஜர் ஆகணும்"னு சொல்லாதீங்க. டிரெய்னி அஞ்சு வருஷத்துல மேனேஜர் ஆகிறது நடக்கிற காரியமில்லன்னு கேட்கிறவருக்குத் தெரியும். பதவிப் பேரை விட்டுட்டு, எந்த வேலையைத் தனியா செய்வீங்கன்னு சொல்லுங்க. ஒரு நிமிஷம் போதும்:

"முதல் வருஷம் இன்கமிங், இன்-பிராசஸ், ஃபைனல் மூணு இன்ஸ்பெக்‌ஷனும் கத்துக்கணும். டிராயிங்ல ஜிடி அண்ட் டி (பார்ட்டோட வடிவம், இடம் எவ்வளவு மாறலாம்னு காட்டுற) குறிகளைத் தப்பில்லாம படிக்கணும். மூணாவது வருஷத்துக்குள்ள சிஎம்எம்ல (பார்ட்டைத் தொட்டு அளக்கிற கம்ப்யூட்டர் மெஷின்) நானே புரோகிராம் போடணும். அஞ்சாவது வருஷம் ஒரு லைனோட ரிஜெக்‌ஷனுக்குப் பொறுப்பு எடுக்கணும், கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டுக்கு 8டி ரிப்போர்ட் (காரணம் கண்டுபிடிச்சு சரி செஞ்சதை எட்டுப் படியா எழுதுறது) எழுதணும்."

சொன்ன உடனே குறுக்குக் கேள்வி வரும். எஸ்பிசின்னு (அளவுகளைப் புள்ளிவிவரமா கண்காணிக்கிற முறை) வாயெடுத்தா, அதுல வர்ற சிபிகேங்கிற எண் 1.33-ன்னா என்ன அர்த்தம்னு கேட்பாங்க. சராசரியிலிருந்து பக்கத்து டாலரன்ஸ் எல்லை 4 சிக்மா (சிக்மான்னா அளவுகளோட சிதறல்) தள்ளி இருக்குன்னு அர்த்தம். மைக்ரோமீட்டரைக் கையில குடுத்து ஒரு பின்னை அளக்கச் சொல்றதும் உண்டு. ஆன்வில், ஸ்பிண்டில் (பொருளைப் பிடிக்கிற ரெண்டு முனை) முகத்தை துடைச்சு, ராட்செட்டால (கடைசியில இருக்கிற சின்னத் திருகு) மூடி, ஜீரோ எரர் (மூடினப்போ சரியா ஜீரோ காட்டுதான்னு) பார்த்துட்டு அப்புறம் அளங்க. திம்பிளை (சுத்துற பெரிய உருளை) பிடிச்சு இறுக்கினா அளவு குறைச்சுக் காட்டும். கை நடுங்கினா பரவாயில்ல. ஜீரோ பார்க்காம விட்டா, அதுவரை சொன்ன திட்டம் எதையும் நம்ப மாட்டாங்க.

எச்ஆர்_தடா:
பி.இ. ஆசையை மறைக்க வேணாம், எந்த வழின்னு தெளிவா சொல்லுங்க. லேட்டரல் என்ட்ரின்னா நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்து மூணு வருஷம் பகல் கல்லூரி. அதைச் சொன்னா வேலையை விடப் போறீங்கன்னுதான் அர்த்தம் ஆகும். வேலை பார்க்கிறவங்களுக்குன்னு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) 2023-24லிருந்து அனுமதிக்கிற பி.இ. வகுப்புகள் இருக்கு, ஒரு வருஷ முழுநேர அனுபவம் வேணும். எல்லா காலேஜ்லயும் கிடையாது. கம்பெனிக்கும் காலேஜுக்கும் நடுவுல தூர வரம்பும் உண்டு, காலேஜ்லயே கேட்டு வச்சுக்கங்க. வாரா வாரம் ஷிஃப்ட் மாறுற இடத்துல அட்டெண்டன்ஸ்தான் முதல்ல அடிபடும். அதனால "வேலை கையில வந்த பிறகு, கம்பெனி அனுமதியோட"ன்னு சொல்றதுதான் சரி.

சூளூர்பேட்டை_லைன்:
தெலுங்கையும் திட்டத்துல சேருங்க. ரிஜெக்ட் ஆன பார்ட்டை ஆபரேட்டர்கிட்ட காட்டி ஏன் வந்துச்சுன்னு கேட்கிறது தினமும் உங்க வேலை. லைன்ல நிறைய பேர் சத்தியவேடு, நாயுடுபேட்டை பக்கம். "ஆறு மாசத்துல ஷாப் ஃப்ளோர்ல தெலுங்குல பேசுவேன்"னு சொன்னா, இங்கேயே இருக்கப் போற ஆள்னு தானா புரியும். ஆரம்பாக்கத்துல இருக்கிற உங்களுக்குத் தடா அடுத்த ஸ்டேஷன்தான், ஆனா நைட் ஷிஃப்ட்டுக்கு ரயிலை நம்பிச் சொல்லிடாதீங்க. கம்பெனி பஸ் உங்க பக்கம் வருதான்னு விசாரிச்சுட்டுப் போங்க.

ஆரம்பாக்கம்_மெக்:
ரொம்ப நன்றிங்க. டிஎன்பிஎஸ்சி எழுதுறீங்களான்னு நேரா கேட்டா?

எச்ஆர்_தடா:
நீங்களா எடுத்துப் பேச வேணாம். கேட்டா பொய் சொல்லாதீங்க, ரெண்டே மாசத்துல லீவு லெட்டர்ல வெளிய வந்துடும். "எழுதுற எண்ணம் உண்டு, டிரெய்னிங் காலத்தை முழுசா முடிப்பேன்"னு சொல்லலாம், அப்படி நிஜமா நினைச்சா மட்டும்.

குவாலிட்டி_பெஞ்ச்:
இதுல எனக்கு உடன்பாடு பாதிதான். சில இடத்துல அந்த ஒரு வார்த்தையிலேயே வாய்ப்பு போயிடும், தெரிஞ்சே சொல்லுங்க. பாண்ட் இருந்தா எத்தனை மாசம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்க, குடுத்துட்டு வராதீங்க. பி.இ. அட்மிஷனுக்கும் டிஎன்பிஎஸ்சி சரிபார்ப்புக்கும் அதே சர்டிஃபிகேட்தான் வேணும்.