அயலார் விருந்தில் ஒரு வாயாவது சாப்பிட்டே ஆக வேண்டுமா?

உப்புக்கல்:
பழக்கமில்லாத பண்டம் எதிரே வந்தால் ஒரு வாயாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி. பிடிக்காது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. மங்கோலியாவில் கெர் கூடாரத்துக்குள் போனதும் ஐராக் என்கிற புளித்த குதிரைப்பாலைக் கிண்ணத்தில் நீட்டுவார்கள். வலது கையாலோ இரண்டு கையாலுமோ வாங்கி, உதட்டில் வைத்து ஒரு மிடறு குடித்துத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை நிறைவேறிவிடும். கிண்ணத்தைக் காலி செய்யச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. கிண்ணத்தை வாங்காமலே கையை ஆட்டி மறுப்பதுதான் மனதைப் புண்படுத்தும்.

மழைத்தாரை:
"ஒரு வாய்தானே" என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது, உப்புக்கல். கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு வாய்கூட வேண்டாம். அதே கரண்டி பட்ட குழம்பே போதும், சில நிமிடங்களில் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் ஜப்பானில் நாட்டோவைத் தொடவே கூடாது. அந்தப் புளித்த சோயாவில் வைட்டமின் கே மிக அதிகம், அது மருந்தின் வேலையைக் கெடுக்கும். ஒருமுறை சாப்பிட்டாலும் பாதிப்பு சில நாள் நீடிக்கும். ஐராக்கும் காய்ச்சாத பாலில் செய்வதுதான். புரூசெல்லா என்ற காய்ச்சல் கிருமி உடலுக்குள் வரக் காய்ச்சாத பால் ஒரு வழி. கர்ப்பிணிக்கு அந்த ஒரு மிடறையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், உதட்டில் படாமல் திருப்பிக் கொடுக்கட்டும்.

அடுப்பு மூட்டும் முன்பே சொல்லிவிடுவதுதான் சரி. அழைப்பை ஏற்கும்போதே மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எது ஆகாது, துளி பட்டாலும் ஆகாதா, எதை விரும்பிச் சாப்பிடுவீர்கள். பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பாவம், சமைப்பவர் எதைச் செய்வதென்று தெரியாமல் தவித்துப்போவார்.

நான்காம்படி:
முன்கூட்டிச் சொல்வது எல்லா வீட்டுக்கும் சரிப்படாது. வசதி குறைந்த வீட்டில் அது 'எனக்குத் தனியாக ஒன்று செய்யுங்கள்' என்று கேட்பது மாதிரி ஆகிவிடும். உடனே கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சொல்வதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஜப்பானில் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் வெறும் காய்கறி சூப்பிலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலை ஊறவைத்து எடுத்த சாறு. அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. மீன், மீன் சாறு இரண்டையும் பெயர் சொல்லித்தான் விலக்க வேண்டும். எத்தியோப்பியாவில் இதற்கு நேர்மாறு, ரொம்பச் சுலபம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவார்கள். "நோன்புச் சாப்பாடு போதும்" என்றால் மேற்கொண்டு விளக்கமே தேவைப்படாது.

உப்புக்கல்:
மருந்து, ஒவ்வாமை, கர்ப்பம் மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்காததற்கெல்லாம் "ஒவ்வாமை" என்று பொய் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. அதே பொருள் அடுத்த பண்டத்திலும் இருக்கும், அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு உண்மையான ஒவ்வாமையோடு வருபவரை அந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

நான்காம்படி:
முழுக்கச் சரி. அதனால்தான் பொய்க் காரணம் தேடாமல், அந்த ஊரில் மறுப்புக்கென்று இருக்கும் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். வளைகுடா நாடுகளில் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கஹ்வா என்ற அரபுக் காபி தருவார்கள். காலியாக நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை இரு விரலால் பிடித்து இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஈரானில் தாரோஃப் என்ற உபசார வழக்கத்தில் முதல் "வேண்டாம்" வெறும் மரியாதைச் சொல். அதோடு நிறுத்தினால் தட்டில் விழுந்துவிடும். நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லி, காரணத்தோடு இன்னும் இரண்டு முறை மறுத்தால்தான் நிஜமாகவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். கசாக் வீட்டில் வேகவைத்த ஆட்டுத் தலையை முதன்மை விருந்தாளி முன் வைப்பார்கள். முழுத் தலையையும் தின்ன வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். அறுத்துப் பங்கிடுவதுதான் விருந்தாளியின் வேலை, காது சிறுவர்களுக்குப் போகும். ஒரு சின்னத் துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு கத்தியை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடலாம்.

எத்தியோப்பியாவில் கித்ஃபோ என்ற கொத்திய பச்சை மாட்டிறைச்சிக்கும் வழி உண்டு, "லெப்லெப்" என்றால் சூடுகாட்டித் தருவார்கள்.

மழைத்தாரை:
லெப்லெப் பாதுகாப்பில்லை, நான்காம்படி! அது மேலோட்டமாக வதக்கியது, உள்ளே பச்சையாகவே இருக்கும். மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவுக்கு அந்தச் சூடு போதாது. கொத்திய இறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸாவது எட்ட வேண்டும். "முழுக்க வெந்ததாக" என்றே கேளுங்கள், இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

உப்புக்கல்:
அங்கே குர்ஷா உண்டே? வீட்டுக்காரர் தன் கையால் உருட்டி விருந்தாளியின் வாயில் ஊட்டுவார். முகத்தைத் திருப்பினால் அவமானமாகிவிடாதா?

மழைத்தாரை:
ஆகும். அதனால் கை தட்டிலிருந்து எழும்பும் முன் முந்திக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே பெரிய தட்டுதான், பக்கத்திலேயே ஷிரோ என்கிற கொண்டைக்கடலை மாவுக் குழம்பு இருந்தால் அதைக் காட்டி "இதிலிருந்து ஒரு வாய் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஊட்டியதும், நீங்களும் இஞ்சேரா என்ற தோசை போன்ற ரொட்டியில் ஒரு துண்டு எடுத்து, அதில் அதே குழம்பைச் சுருட்டி அவருக்குத் திருப்பி ஊட்டிவிடுங்கள்.