ப்ராக்கில் சனி, ஞாயிறு மட்டும்: அம்மாவுக்கு முழங்கால் வலி, திட்டம் சரியா?

ஊர்சுற்றி:
பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 66. முழங்கால் வலி உண்டு, ஆனால் பழைய கட்டடம் என்றால் வலியை மறந்து நடப்பார், மறுநாள்தான் எங்களுக்குத் தெரியவரும். வெள்ளி இரவு ரயிலில் போய் ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். சனி காலை யூதர் பகுதியான ஜோசஃபோவ், ஞாயிறு காலை கோட்டை, நடுவில் சார்லஸ் பாலமும் பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரமும். சரியாக வருமா?

மோர்க்குழம்பு:
அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். ஜோசஃபோவின் சினகாக்குகளும் (யூதர்களின் வழிபாட்டிடங்கள்) பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும், அது யூதர்களின் ஓய்வு நாள். ஞாயிறு காலையில் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களை மதியம்தான் உள்ளே விடுவார்கள். நான் இரண்டு தவறையும் ஒரே பயணத்தில் செய்தவன். 1344-ல் தொடங்கி 1929-ல் முடித்த பேராலயத்தை வெளியே நின்றே பார்த்துவிட்டு வந்தேன்.

கோட்டைக்கு ஆற்றங்கரையிலிருந்து படியேற வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் கோட்டை நிறுத்தத்தில் இறங்கினால் பெரிய ஏற்றம் இல்லை. திரும்பும்போதும் அதே டிராம்தான், இறங்குகிற படிகள்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

தெருமுனை:
பாலத்துக்குக் காலை 7 மணிக்கு முன்னால் போங்கள், பிறகு திருவிழாக் கூட்டம்தான். கடிகாரம் 1410-ல் செய்தது, மணிக்கு ஒருமுறை அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகள் ஜன்னலில் வந்துபோகும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதற்காக அம்மாவை அரை மணி நேரம் நிற்க வைக்காதீர்கள். பக்கத்தில் தரையைக் காட்டுங்கள், கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1618-ல் பேரரசரை எதிர்த்தவர்கள் அவருடைய ஆட்கள் மூன்று பேரைக் கோட்டை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள், மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதில் மூண்ட கலகம் தோற்றபோது, 1621-ல் அந்தச் சதுக்கத்தில்தான் கலகத் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை.

ஊர்சுற்றி:
நல்லவேளை கேட்டேன்! சனி கோட்டை, ஞாயிறு ஜோசஃபோவ். அம்மா சைவம், சமாளிக்க முடியுமா?

மோர்க்குழம்பு:
ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி கிடைக்கும், பெயர் ஸ்மாஜெனி சீர். இரண்டு வேளைக்கு மேல் தாங்காது, புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். அங்கே யூரோ இல்லை, கொருனா. தெருவோரக் கடையில் மாற்றி நான் நன்றாக ஏமாந்தேன், வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். ரயிலில் போகும்போது இருட்டிவிடும், திரும்பும்போது வலது பக்க ஜன்னல் பிடியுங்கள், டிரெஸ்டன் வரைக்கும் பெரும்பாலும் எல்பே ஆறு கூடவே வரும்.