செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஜீவாமிர்தம் மட்டும் வைத்துக் கருப்பு கவுனி: கட்டுமா?

கல்லல் வயல்:
வணக்கம். கல்லல் பக்கம் 3 ஏக்கர் நஞ்சை. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். கிணறு கிடையாது, கண்மாய் பெருகினால்தான் தண்ணீர். இதுவரை ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணிலேயே நெல் விதைப்பது). ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மக்கின் அளவு) 0.3 சதவீதம், பி.எச். (புளிப்பு அளவு) 5.8 என்று வந்திருக்கிறது. வரும் பருவம் உரத்தை அறவே நிறுத்திவிட்டு, மாட்டுச் சாணக் கரைசல்களான ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யாவும் மட்டும் கொடுத்துக் கருப்பு கவுனி (பாரம்பரியக் கருப்பரிசி நெல்) போட எண்ணம். ஒரு பசு இருக்கிறது. எதில் லாபம், எதில் அடி விழும்? சான்றிதழ் வாங்கினால் விலை கிடைக்குமா?

செம்புறை:
தம்பி, "மட்டும்" என்ற வார்த்தையில்தான் சிக்கல். முதலில் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கைப் பாருங்கள்.

நீங்கள் போட்டு வந்தது 2 மூட்டை யூரியாவில் 41 கிலோ, டி.ஏ.பி.யில் 9 கிலோ, ஆக ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து. ஜீவாமிர்தம் என்பது 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், ஒரு பிடி மண். இதில் இருக்கும் மொத்தத் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. ஆறு தடவை விட்டாலும் ஒன்றரைக் கிலோதான். அது நுண்ணுயிரைத் தூண்டிவிடும். அந்த உயிர்கள் தின்ன மண்ணில் மக்கு இருக்க வேண்டும். 0.3 சதவீதக் கரிமத்தில் அதுகளுக்கு என்ன இருக்கிறது? பஞ்சகவ்யாவும் அப்படித்தான். 10 லிட்டருக்கு 300 மி.லி. கலந்து தெளிப்பது பயிர் ஊக்கி, அடியுரம் ஆகாது.

கவுனிக்கு 50 கிலோ வேண்டாம். உயரப் பயிர், கூடினால் சாய்ந்துவிடும். 25 கிலோ போதும். அதைச் சேர்க்கும் வழி:

தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் போட்டால் மொத்தம் 25 கிலோ தழைச்சத்து. முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு நாட்டுப் பசுவின் ஒரு வருடச் சாணம் மக்கினால் ஒன்றரை டன் தேறும். 3 ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு?

ஆகவே மடக்கி உழும் பசுந்தாள் உரச்செடியான கொழுஞ்சி. இன்னொரு பசுந்தாளான தக்கைப்பூண்டுக்கு ஈரம் வேண்டும், உங்கள் நிலத்துக்கு ஒத்துவராது. தை அறுப்பு முடிந்ததும் இருக்கிற ஈரத்தில் ஏக்கருக்கு 8 கிலோ கொழுஞ்சி விதையைத் தூவுங்கள். விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்துப் போடாவிட்டால் பாதி முளைக்காது. கோடையைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. விதைப்புக்குப் பதினைந்து நாள் முந்தி மடக்கி உழுதால் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகும்.

மீதிக்கு ஆட்டுக்கிடை (ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைப்பது). மந்தை மேய்க்கும் கீதாரிகளிடம் வைகாசி, ஆனியிலேயே பேசிவிடுங்கள். கிடை எழுந்ததும் இரண்டு நாளுக்குள் உழ வேண்டும். வெயிலில் விட்டால் மூத்திரத்தில் உள்ள சத்து ஆவியாகிவிடும். நம் சீமையில் இதிலும் ஒரு வம்பு உண்டு. ஆடு சீமைக்கருவேல நெற்று தின்றிருக்கும்; விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். முதல் மழைக்கு முளைக்கவிட்டு இன்னொரு உழவில் அழித்துவிடுங்கள்.

5.8 பி.எச். செம்மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். அதைக் கரைக்கும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா மட்டும் போதாது. பாறை பாஸ்பேட் 100 கிலோவைத் தொழுவுரத்தோடு கலந்து மக்கவைத்துப் போடுங்கள். புளிப்பு மண்ணில் அது நன்றாகக் கரையும், இயற்கை முறையிலும் அனுமதி உண்டு.

மண்ணைத் தயார் செய்யாமல் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நெல் விளைச்சல் விழுந்தது, நவம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். இந்த வருடம் ஒரு ஏக்கரில் தொடங்குங்கள்.

களைக்கொட்டு:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் புழுதி விதைப்பில் இயற்கை முறை தோற்பது பெரும்பாலும் களையில்தான். களைக்கொல்லி இல்லாமல் கைவிதைப்பு செய்தால் 20ஆம் நாளும் 40ஆம் நாளும் ஆள் விட்டாக வேண்டும். கூலியே வரவைத் தின்றுவிடும். கோனோவீடர் (உருளைக் களையெடுப்பான்) ஓட்ட வரிசை நடவும் வயலில் தண்ணீரும் வேண்டும், உங்களிடம் இரண்டும் இல்லை. விதைப்புக் கருவியில் 25 செ.மீ. இடைவெளிக்கு வரிசையாக விதையுங்கள். விதை 25 கிலோ போதும், இடையில் களைக்கொட்டு ஓடும். அதற்கு முன் ஆடி மழையில் களையை முளைக்கவிட்டு உழுங்கள். கோரை மட்டும் இதற்கு அடங்காது. கோடை உழவில் கிழங்கை மேலே புரட்டி வெயிலில் காயவிட வேண்டும்.

பயிரின் நாள் கணக்கையும் கவனியுங்கள். கவுனிக்கு 140 முதல் 150 நாள். புரட்டாசி பிறந்து விதைத்தால் தைக் கடைசிவரை தண்ணீர் வேண்டும். கண்மாய் அரைக்கண்மாயாக நின்றால் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். ஆவணிக்குள் விதைத்துவிடுங்கள்.

பூச்சியில் உங்களுக்கு ஆதாயம் உண்டு. யூரியாவின் கரும்பச்சை இல்லாத பயிரில் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குறையும். வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: பருப்புத் தூள் 10 கிலோவை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, காதி சோப்பு சேர்த்து 200 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் கிடந்த கொட்டையில் வீரியம் இருக்காது. குலைநோய்க்கு முன்காப்பாக விதைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நுண்ணுயிர்த் தூள்).

தேவகோட்டை அரவை:
விலையைப் பற்றி: அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் கிடையாது. நீங்களே விற்றால்தான் லாபம். கவுனிக்கு இங்கே கல்யாணப் பந்தியிலும் பலகாரத்திலும் இடம் உண்டு, வாங்குகிறவர்கள் ஆச்சிமார். வெள்ளை அரிசி கலந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பூக்கும் சமயம் வயலில் இறங்கிக் கலப்புப் பயிரைப் பிடுங்கிவிடுங்கள். உமியை மட்டும் நீக்குங்கள். கருநிறமே தவிட்டில்தான், பாலிஷ் போட்டால் போச்சு. ஆனால் தவிடு நீக்காத அரிசியில் தவிட்டெண்ணெய் சிக்கு வாடை ஏறும், வண்டும் விழும். அதனால் 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து நெல்லாகவே வைத்திருந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

சான்றிதழில் இரண்டு வழி. ஏற்றுமதிக்கு என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று) வேண்டும்; நெல்லுக்கு 2 ஆண்டு மாறுதல் காலம், அதுவரை இயற்கை நெல் என்று முத்திரை குத்த முடியாது. உள்ளூர் விற்பனைக்கு பி.ஜி.எஸ். (விவசாயிகள் ஒருவரையொருவர் சரிபார்க்கும் சான்று); குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். எதிலும் வாங்கிய ரசீது, இட்ட உரம், விற்றது எல்லாம் எழுதிய பதிவேடு கேட்பார்கள். நம் ஆயக்கட்டில் (கண்மாய்ப் பாசனப் பரப்பில்) வயலுக்கு வயல் பாய்ச்சல் என்பதை மறக்காதீர்கள். மேல் வயல்காரர் போட்ட யூரியா உங்கள் மடை வழியாக இறங்கும். வாய்க்காலை ஒட்டிய வயலைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் தனி வாய்க்கால் எடுங்கள்.

கல்லல் வயல்:
மிக்க நன்றி. கொழுஞ்சி போட்டும் 30ஆம் நாளில் பயிர் மஞ்சளாக நின்றால் என்ன செய்வது?

செம்புறை:
எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலை வெளுத்தால் தழைச்சத்துக் குறை. மக்காத வைக்கோலோ முற்றிய கொழுஞ்சித் தண்டோ உள்ளே இருந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கு உரியதை எடுத்துக்கொள்ளும். ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 100 கிலோ கடலைப் பிண்ணாக்கைத் தூளாக்கி இரண்டு தடவையாகத் தூவுங்கள், அதில் 7 கிலோ தழைச்சத்து வரும். குருத்திலை வெளுத்தால் அது இரும்புக் குறை, புழுதிக்காலில் வருவது. கண்மாய்த் தண்ணீர் வயலில் நின்றதும் தானே பச்சை திரும்பும். மேற்கொண்டு சந்தேகம் என்றால் இலையைப் பறித்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.